சென்னையில் திரைப்பட, அனிமேஷன் வரலாற்று ஆய்வு: முனைவர் பட்டத்துக்குப் புதிதாக வருவோருக்கு

திரைப்பட வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்பி வருவோரில் பெரும்பாலோர் கையில் ஒரு தலைப்போடுதான் வருகிறார்கள். பிடித்த இயக்குநர், குறிப்பிட்ட பத்தாண்டுப் படங்களில் பெண் பாத்திரங்கள், அனிமேஷனில் புராணக் கதைகள் என்று அவை அமைகின்றன. தலைப்பு நல்லதா இல்லையா என்று ஆராய்வதற்கு முன்பு, அதைப் பற்றி எழுதுவதற்கான சான்றுகள் எங்கே, எந்த நிலையில், யார் பொறுப்பில் இருக்கின்றன என்று கேட்டாக வேண்டும். இதற்கு விடை காணாமல் பதிவு செய்துகொண்டவர்கள்தாம் இரண்டாம் ஆண்டில் தலைப்பை மாற்றித் தரும்படி மனுவோடு அலுவலகத்துக்கு நடக்கிறார்கள். ஆகவே இக்கட்டுரை வழக்கமான வரிசையை மாற்றி, ஆவணங்களில் தொடங்கி, அதன் பிறகே பதிவு, எழுத்து, வேலை என்று செல்கிறது.

எது மிஞ்சியிருக்கிறது?

ஆர். நடராஜ முதலியார் கீழ்ப்பாக்கத்தில் எடுத்த ‘கீசக வதம்’ தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. அது வெளிவந்த ஆண்டையே 1916 என்றும் 1917 என்றும் 1918 என்றும் ஆளுக்கொன்றாக எழுதிவைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பேச்சும் பாட்டும் ஒலித்த முதல் படமாகக் கருதப்படும் ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது என்பது உறுதியாகத் தெரிந்தாலும், அதன் படச்சுருளும் கிடைக்கவில்லை. ஊமைப்படக் காலத்துத் தென்னிந்தியப் படங்களில் ‘மார்த்தாண்ட வர்மா’ இன்றும் பார்க்கக் கிடைப்பதற்குக் காரணம், மூல நாவலின் பதிப்புரிமை தொடர்பான வழக்கில் அதன் சுருள் பறிமுதலாகிப் பதிப்பகத்தார் வசம் போய்ச் சேர்ந்ததும், பல்லாண்டுகளுக்குப் பிறகு புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதைப் பெற்றுக்கொண்டதும்தான். பறிமுதல் ஆனதால் பிழைத்த படம் என்பது இத்துறையின் விசித்திரங்களில் ஒன்று.

இழப்புக்கான காரணங்களையும் அறிந்திருக்க வேண்டும், ஏனெனில் எந்தக் காலத்துப் படம் மிஞ்சியிருக்க வாய்ப்புண்டு என்பதை அவையே உணர்த்தும். 1950களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். கடலோர ஊரின் வெக்கையிலும் ஈரத்திலும் பிசுபிசுத்துப் பொடியாகும். தீயிலும் ஈரத்திலும் தப்பியவற்றை, அவற்றில் உள்ள வெள்ளிக்காகப் பழைய பொருள் வாங்குவோரிடம் எடைக்குப் போட்டார்கள். படம் ஓடி முடிந்த பிறகு சுருளை வைத்திருப்பதால் தயாரிப்பாளருக்கு வாடகைச் செலவைத் தவிர வேறொன்றும் கிடைக்காத காலம் அது. 1964இல்தான் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால் நிலைமை விளங்கும்.

எனவே உங்கள் மனத்திலுள்ள தலைப்புக்குரிய படங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் ‘படம் பார்க்கக் கிடைக்கிறது’, ‘படம் இல்லை, காகிதச் சான்று உண்டு’, ‘நினைவு மட்டுமே உண்டு’ என்று குறியுங்கள். முதல் வகை அதிகமாக இருந்தால் படங்களின் அமைப்பைப் பற்றி எழுதலாம். இரண்டாம் வகை அதிகமென்றால் படத்தைப் பற்றி எழுதுவதை விடுத்து, திரையிடல், தணிக்கை, விளம்பரம், பார்வையாளர் ஆகியவற்றின் வரலாற்றை எழுதுவதே நேர்மையானது. அது குறைந்த தரமுள்ள ஆய்வு என்று நினைக்க வேண்டாம், சென்னையைப் பற்றி வந்த சிறந்த ஆய்வுகளில் சில அந்த வகையைச் சேர்ந்தவையே. மூன்றாம் வகை மட்டும் என்றால், நேர்காணலுக்கு உரியவர்களின் வயதைக் கணக்கிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

தரமணியும் எழும்பூரும்

சென்னையில் இருப்பதன் பெரிய வசதி, வேண்டிய காகிதச் சான்றுகளில் பெரும்பகுதி நகரத்துக்குள்ளேயே கிடைப்பது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து உள்ளன. பறக்கும் ரயிலில் வந்து இறங்கினால் ஒரே நாளில் இரண்டு இடங்களில் வேலையை முடித்துக்கொள்ளலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் திரட்டிய சேகரிப்பை அடிப்படையாகக் கொண்டு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆதரவோடு 1994இல் உருவான இந்நூலகத்தில், பிற நூலகங்கள் குப்பை என்று ஒதுக்கிய நோட்டீசுகள், நாடக விளம்பரங்கள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் ஆகியவை பேணப்படுகின்றன.

பாட்டுப் புத்தகத்தை எப்படிப் படிப்பது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் காணாமல் போன படத்துக்குப் பல வேளைகளில் அதுவே ஒரே சாட்சி. திரையரங்க வாசலில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற அந்த மெல்லிய ஏடுகளில் பாடல் வரிகளைத் தவிர, நடிகர் பட்டியல், தொழில்நுட்பக் கலைஞர்களின் பெயர், கதைச்சுருக்கம் ஆகியவை இருக்கும். சுருக்கம் பரபரப்பான இடத்தில் நின்று ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும். புதியவர்கள் கதைச்சுருக்கத்தைப் படித்துவிட்டு ஏட்டை மூடிவிடுகிறார்கள். பின்னட்டையில் யாருடைய விளம்பரம் உள்ளது, எந்த அச்சகத்தில் அச்சானது, எத்தனை மொழிகளில் சுருக்கம் தரப்பட்டுள்ளது, விநியோக உரிமை எந்தெந்த ஊர்களுக்கு என்று குறிக்கப்பட்டுள்ளது ஆகியவற்றைப் பாருங்கள். அந்தப் படத்தை யாருக்காக எடுத்தார்கள், எந்த ஊர்ப் பணம் அதில் புரண்டது என்பது அங்கேதான் தெரியும். பாட்டுப் புத்தகம் படத்தின் வெளியீட்டுக்கு முன்பே அச்சாகியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். அதிலுள்ள பாடல் படத்தில் இடம்பெற்றது என்று உறுதி கூற முடியாது.

எழும்பூரில் இரண்டு இடங்கள் உள்ளன. 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகத்தில், நாட்டில் வெளியாகும் நூல்களும் இதழ்களும் சட்டப்படி வந்து சேர்கின்றன. தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அரசாணைகள், காவல்துறை, தணிக்கை தொடர்பான கோப்புகள் ஆகியவற்றைத் தேட வேண்டும். 1918ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து 1920இல் சென்னையில் தணிக்கைக் குழு அமைந்தது என்பதால், அதற்குப் பிந்தைய கோப்புகளில் படத்தைப் பற்றி அதிகாரிகள் எழுதிய குறிப்புகளே கிடைக்கும். காப்பகத்துக்குப் போகும்போது துறைத் தலைவரின் பரிந்துரைக் கடிதம், அடையாள அட்டை, பென்சில் ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும். அட்டவணையில் ‘சினிமா’ என்ற தலைப்பின் கீழ் எதுவும் கிடைக்காவிட்டால் மனந்தளர வேண்டாம்; கட்டட உரிமம், மின்சாரம், கேளிக்கை வரி, பொது அமைதி ஆகிய தலைப்புகளில்தான் திரையரங்குகள் ஒளிந்திருக்கின்றன.

வீட்டிலிருந்தே தொடங்க விரும்புவோருக்கு ஓர் ஆவணத்தைச் சுட்டலாம். சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927இல் அமைக்கப்பட்ட இந்தியத் திரைப்படக் குழுவின் அறிக்கையும் சான்றுத் தொகுதிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. திரையரங்க உரிமையாளர்கள், ஆசிரியர்கள், அதிகாரிகள் ஆகியோரிடம் கேட்ட கேள்விகளும் அவர்கள் சொன்ன விடைகளும் சொல்லுக்குச் சொல் அச்சாகியுள்ளன. முன்னூறு பக்கம் இரவல் மேற்கோள்களைப் படிப்பதைவிட இதில் முப்பது பக்கம் படிப்பது பயனுள்ளது.

அனிமேஷன் வரலாறு தனி வழி கேட்கும்

இந்திய அனிமேஷனின் வரலாறு பெரும்பாலும் மும்பையை மையமாக வைத்தே எழுதப்பட்டுள்ளது. பால்கே 1915இல் தீக்குச்சிகளை நகர்த்தி எடுத்த குறும்படத்தில் தொடங்கி, 1948இல் அமைந்த, மத்திய அரசின் படத் தயாரிப்பு அமைப்பான ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து, அங்கே 1956இல் டிஸ்னி கலைஞர் கிளேர் வீக்ஸ் கார்ட்டூன் பிரிவினருக்குப் பயிற்சியளித்ததைச் சொல்லி, அப்பிரிவில் வளர்ந்த ராம் மோகனோடு அது நிறைவடையும். அந்த வரலாறு தவறன்று. ஆனால் சென்னையில் அமர்ந்து ஆய்வு செய்பவர் அதையே மறுபடியும் எழுதினால் புதிதாகச் சேர்ப்பதற்கு ஒன்றும் இராது.

சென்னையின் அனிமேஷன் வரலாற்றை முழுநீளப் படங்களின் வரிசையாகத் தேடினால் கை வெறுமையாகவே திரும்பும்: 1989இல் ஏவி.எம். தயாரித்த ‘ராஜா சின்ன ரோஜா’வில் வரைந்த உருவங்களோடு ரஜினிகாந்த் ஆடும் பாடல், பென்டாமீடியா நிறுவனம் 2000இல் வெளியிட்ட பாண்டவர் கதை, 2007இல் வந்த ‘இனிமே நாங்கதான்’, 2014இல் ‘கோச்சடையான்’ என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். இவற்றை வைத்துக்கொண்டு ‘முதல்’ என்ற பட்டத்துக்காக வாதாடுவது வீண் வேலை என்றே கருதுகிறேன். ஸ்டுடியோக்களின் டைட்டில் கார்டுகள், புராணப் படங்களின் தந்திரக் காட்சிகள், திரையரங்க விளம்பரங்கள், தொலைக்காட்சி விளம்பரப் படங்கள், பிறகு வெளிநாட்டு நிறுவனங்களுக்காகச் செய்த ஒப்பந்த வேலைகள் ஆகியவற்றில்தான் இந்நகரத்தின் வரையும் கைகள் கூலி வாங்கின. ஆய்வு அங்கே செல்ல வேண்டும். 1850இல் தொடங்கிய கவின் கலைக் கல்லூரியில் படித்தவர்கள் எந்தெந்த ஸ்டுடியோவுக்குப் போனார்கள் என்று தேடுவது ஒரு நல்ல தலைப்பாக அமையக்கூடும்.

இத்துறையில் கையில் கிடைக்கும் பொருளை வாசிக்கத் தெரிய வேண்டும். ஓய்வுபெற்ற ஓவியர் ஒருவர் பழைய கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினால், படத்தை ரசிப்பதற்கு முன்பு தாளின் விளிம்பைப் பாருங்கள். கீழ் ஓரத்திலோ மேல் ஓரத்திலோ துளைகள் இருக்கும். ஒன்றன் மேல் ஒன்றாகத் தாள்கள் நகராமல் இருப்பதற்காக ஆணிப்பட்டையில் மாட்டிய துளைகள் அவை. மூலையில் ஓர் எண் இருக்கும். எண்ணைச் சுற்றி வட்டம் இருந்தால் பெரும்பாலும் அது அசைவின் முக்கிய நிலையைக் காட்ட முதன்மை ஓவியர் வரைந்த திறவுப்படம். வட்டமில்லாதவை இடைநிரப்பு ஓவியரின் வேலை. ஓரத்தில் அளவுகோல் போன்ற கோடும் அதில் சிறு எண்களும் இருந்தால், இடைப்பட்ட படங்களை எவ்வளவு இடைவெளியில் வரைய வேண்டும் என்று முதன்மை ஓவியர் உதவியாளருக்கு விட்ட ஆணை அது. இரு வேறு கையெழுத்துகள் தென்பட்டால் இரண்டையும் படமெடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் திரையில் பெயர் வராத உதவியாளரைக் கண்டுபிடிக்க வேறு வழி பெரும்பாலும் கிடைக்காது. நொடிக்கு 24 பிம்பம், ஒரு படத்தை இரண்டு பிம்பங்களுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 வரைபடம். அந்தக் கணக்கில் ஓர் உருவம் ஓயாமல் அசையும் 10 நிமிடப் படத்துக்கு 7,200 தாள் வேண்டும். அத்தனை தாளும் எங்கே போயிற்று என்ற கேள்வியே ஓர் அத்தியாயத்துக்குப் போதும்.

கணினிக் காலத்துக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். 1940களின் தாளை இன்றும் வெறுங்கண்ணால் படிக்கலாம். 2000ஆம் ஆண்டில் செய்த முப்பரிமாண உருவம் பழைய ஹார்டு டிஸ்கிலோ நாடாவிலோ அடைபட்டு, அதைத் திறக்கும் மென்பொருளும் கருவியும் வழக்கொழிந்து கிடக்கும். அக்காலத்தை ஆய்வு செய்வோர் கோப்புகளைத் தேடுவதோடு, அச்சிட்ட ஸ்டோரிபோர்டு, வேலைப் பட்டியல், சம்பளச் சீட்டு, நிறுவனத்தின் ஆண்டறிக்கை, செய்தித்தாளில் வந்த ஆள்தேவை விளம்பரம் ஆகியவற்றையும் தேட வேண்டும். பங்குச்சந்தையில் பட்டியலான நிறுவனம் என்றால் ஆண்டறிக்கைகள் பொது ஆவணம் என்பது நமக்குச் சாதகம்.

நேர்காணல்

வடபழனி, சாலிகிராமம், கோடம்பாக்கம் தெருக்களில் ஓய்வுபெற்ற தொழில்நுட்பக் கலைஞர்கள் இன்னும் வாழ்கிறார்கள். தொழிற்சங்கம் வழியாகவோ உறவினர் வழியாகவோ அறிமுகம் பெற்றுச் செல்வது நல்லது. முதல் சந்திப்பிலேயே ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைக்க வேண்டாம். பதிவுக்கான ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள், பெயரை வெளியிடலாமா என்பதையும் அதில் சேருங்கள். ‘ஐயா, நீங்கள் எந்த ஆண்டு அந்த ஸ்டுடியோவில் சேர்ந்தீர்கள்?’ என்று கேட்டால் தவறான ஆண்டே வரும். ‘நீங்கள் சேர்ந்த சமயம் தீபாவளிக்கு என்ன படம் வந்தது? மூத்த பிள்ளை பிறந்துவிட்டதா?’ என்று கேட்டால் விடை சரியாக வரும். பிறகு ‘தி இந்து’, ‘சுதேசமித்திரன்’, ‘தினமணி’ ஆகியவற்றின் திரைப்பட விளம்பரங்களை வைத்து ஆண்டைச் சரிபார்த்துக்கொள்ளலாம். அம்மாக்கள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு வாசற்படியில் நின்று சொல்லும் திருத்தங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். சம்பளம் எப்போது வந்தது, எப்போது வரவில்லை என்பது அவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

வாய்மொழியை ஆதாரமாகக் காட்டும் இடத்தில், அதை உறுதிசெய்யும் காகிதச் சான்று இருந்தால் இரண்டையும் காட்டுங்கள். முரண்பட்டால் முரண்பாட்டையே எழுதுங்கள். ‘கீசக வதம்’ வெளிவந்த ஆண்டைப் போன்ற விவகாரத்தில் ஒன்றைத் தேர்ந்து அடித்துச் சொல்வதைவிட, எந்த ஆண்டு எந்தச் சான்றிலிருந்து யார் வழியாக வந்தது என்று காட்டுபவரையே தேர்வாளர் மதிப்பார்.

பதிவும் உதவித்தொகையும்

இத்தனைக்கும் பிறகே விண்ணப்பம். தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் திரைப்பட ஆய்வு என்ற தனிப்பாடம் இல்லை. ஆகவே மாணவர்கள் இதழியல்–வெகுஜனத் தொடர்பியல், காட்சிக்கலை, நிகழ்கலை, ஆங்கிலம், தமிழ், வரலாறு ஆகியவற்றுள் தமது முதுகலைப் பட்டத்துக்குப் பொருந்தும் பாடத்தில் எழுதுகிறார்கள். 2024 முதல் நெட் மதிப்பெண்ணே முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் கணக்கில் கொள்ளப்படுகிறது. அதை மட்டும் கொண்டு சேர்வோருக்குத் தேர்வுக்கு 70 விழுக்காடும் நேர்முகத்துக்கு 30 விழுக்காடும் மதிப்பு. இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் பிறகு 42,000 ரூபாயும் கிடைக்கும் என்று 2023இல் உயர்த்தப்பட்டது. சென்னை வாடகைக்கு இத்தொகை இருந்தால்தான் முழுநேர ஆய்வு நிம்மதியாக நடக்கும். இல்லாதவர்கள் பகுதிநேரமாகப் பதிவு செய்வது குறித்து யோசிக்கலாம்.

2022ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி ஆய்வுக்காலம் குறைந்தது மூன்று ஆண்டுகள், மிகுதியாக ஆறு ஆண்டுகள். அதற்கு மேல் இரண்டு ஆண்டுகள் வரை நீட்டிப்புக் கிடைக்கலாம். எம்.ஃபில். பட்டம் நிறுத்தப்பட்டுவிட்டது. தொடக்கத்திலேயே ஆய்வு முறை, வெளியீட்டு நெறிமுறை உள்ளிட்ட பாடங்களை முடிக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இதழியல் துறை, அண்ணா பல்கலைக்கழகத்தின் ஊடக அறிவியல் துறை, சென்னை ஐ.ஐ.டி.யின் மானுடப் புலங்கள், சமூக அறிவியல் துறை என்று சேரக்கூடிய இடங்கள் நகரத்திலேயே உண்டு. திரைப்பட ஆய்வுக்கென்றே தனித்துறை வேண்டுமென்றால் கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தை நோக்கலாம்.

துறையின் பெயரைவிட நெறியாளரே முக்கியம். அவருடைய வழிகாட்டலில் முடிந்த ஆய்வேடுகளை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைக்கும் ‘சோத்கங்கா’ இணையதளத்தில் தேடி, குறைந்தது இரண்டையாவது முழுதாகப் படியுங்கள். அவற்றில் ஆவணக் காப்பகச் சான்று ஒன்றும் இல்லாமல் கோட்பாட்டு மேற்கோள்கள் மட்டும் நிறைந்திருந்தால், வரலாற்று ஆய்வுக்கு அந்த இடம் உங்களுக்கு உதவாது.

எழுத்தும் உரிமையும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி திரைப்படத்துக்கான உரிமை வெளியீட்டு ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். 1964 வரை வெளியான படத்தின் பிம்பங்களை ஆய்வேட்டில் அச்சிடுவதில் இன்று சிக்கல் குறைவு. ஆனால் பாடல் வரிக்கும் இசைக்கும் உரிமைக் கணக்கு வேறு, ஆக்கியவர் மறைந்து 60 ஆண்டுகள் ஆக வேண்டும். ஆய்வுக்காகவும் விமர்சனத்துக்காகவும் அளவாகப் பயன்படுத்துவதைச் சட்டம் அனுமதிக்கிறது. நூலாக வெளியிடும்போது பதிப்பாளர் அனுமதிக் கடிதம் கேட்பார் என்பதால், நூலகத்திலுள்ள பொருளைப் படம்பிடித்த அன்றே நூலகத்திடம் அனுமதியையும் வாங்கி வைப்பது பின்னாளில் அலைச்சலைக் குறைக்கும்.

கட்டுரைகளுக்குத் தெற்காசியத் திரை ஆய்வுக்கென்றே வெளிவரும் ‘பயோஸ்கோப்’ இதழும், அனிமேஷன் ஆய்வுச் சங்கத்தின் மாநாடுகளும் உகந்தவை. பணம் கட்டினால் பத்து நாளில் அச்சிடும் இதழ்களிலிருந்து மின்னஞ்சல் வரும், திறக்காமலே அழித்துவிடுங்கள். ஒரு கட்டுரையைத் தமிழிலும் எழுதுங்கள், ஏனெனில் நீங்கள் நேர்காணல் செய்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் படிப்பது அதைத்தான். அதைப் படித்துவிட்டு அடுத்த பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தருவோர் உண்டு.

வேலை

திரைப்பட வரலாற்றாசிரியர் என்ற பணியிடம் சென்னையில் விளம்பரமாவதில்லை. விஷுவல் கம்யூனிகேஷன் துறைகளிலும் அனிமேஷன் பட்டப்படிப்புகளிலும் உதவிப் பேராசிரியர் பணியே பெரும்பாலோருக்குக் கிடைக்கும் வழி. அரசுக் கல்லூரிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிப்பு வெளியிடும். அறிவிப்புகளுக்கு இடையே நீண்ட இடைவெளி விழுவதால், இடைக்காலத்தில் பலர் கௌரவ விரிவுரையாளராகப் பணியாற்றுகிறார்கள். தனியார் கல்லூரிகள் கோட்பாடும் வரலாறும் தெரிந்தவரிடம் எடிட்டிங் மென்பொருளையும் எதிர்பார்க்கின்றன, ஆகவே ஒன்றையேனும் கற்றுவைத்திருப்பது பிழைப்புக்கு உதவும். கற்பித்தல் தவிர்த்த வழிகளும் இல்லாமல் இல்லை: நூலகங்களின் எண்ணிமமாக்கத் திட்டங்கள், படங்களை மீட்டெடுக்கும் ஆய்வகங்கள், கண்காட்சிப் பணிகள் ஆகியவற்றுக்குச் சுருளைக் கையாளத் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். மும்பையின் ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் நடத்தும் பாதுகாப்புப் பயிலரங்குகளுக்கு ஆய்வுக்காலத்திலேயே விண்ணப்பியுங்கள். பட்டம் பெற்ற பிறகு அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

வாய்மொழித் தேர்வு முடிந்ததும் ஆய்வேட்டின் மின்பிரதி ‘சோத்கங்கா’வுக்குச் சென்றுவிடும். நேர்காணல் ஒலிப்பதிவுகளோ உங்கள் மடிக்கணினியிலேயே தங்கிவிடும் அபாயம் உண்டு. ஒப்புதல் கடிதங்களின் நகலையும், யார், எங்கே, எந்த நாள் என்ற பட்டியலையும் சேர்த்து, பேசியவர்கள் இசைந்தால் அவற்றை ஒரு நூலகத்தில் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.